சாம்பல் மேசை

கையில் கொண்டுவந்து கொடுத்திருந்தால் பூரணி ஒருவேளை அழுது தீர்த்துவிட்டு இருந்திருப்பாள். பாக்கியரத்தினம் அதை ஓட்டோவில் போட்டு அனுப்பிவிட்டார். பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி ஒன்று, முதுகு தள்ளிய திரை ஒன்று, ஊசியால் குத்திக் குத்தி அச்சடிக்கும் பிறின்ரர் ஒன்று. கூடவே ஓட்டோக்காரனின் வாயில் ஒரு செய்தியும் வந்தது.

"தம்பியின்ர நினைவா வைச்சிருக்கட்டாம். இனி ஓடாதாம். மாலை போட்டு விளக்குக் கொளுத்த நல்லாயிருக்குமாம்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கர், பேர் சிவகுருநாதன். பாலையூற்றில் அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். வேலிக்கதை கேட்பது மரியாதை இல்லை என்பார்கள். மரியாதை பார்த்திருந்தால் இந்தக் கதை எனக்குத் தெரிந்திருக்காது.

பூரணியின் புருஷன் தவராசா திருகோணமலை ரவுனில் ரைப்பிங் கடை வைத்திருந்தவன். மூன்று புதுக் கொம்பியூட்டர், போட்டோக் கொப்பி, வாசலில் எப்போதும் பத்துப் பேர். 2006ஆம் ஆண்டு ஆவணியில் உட்துறைமுக வீதியால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் சுட்டுவிட்டுப் போனார்கள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவனும் அடுத்த கிழமை படமாகித் தொங்கிய காலம் அது. அந்தியேட்டிச் சடங்கு முடிந்து நாலாம் நாள் தவராசாவின் அண்ணன் பாக்கியரத்தினம் கடைப் பூட்டின் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். கட்டட ஒப்பந்தம் தன் பேரில் இருக்கிறதாம். பிள்ளை குட்டி இல்லாதவளுக்குக் கடை எதற்காம். இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான் என்பது சும்மா சொன்ன சொல்லா?

சுட்டவனின் முகம் பூரணிக்குத் தெரியாது. கடையை அள்ளியவரின் முகம் தெரியும். அவளுடைய ஆத்திரம் முழுக்க அந்தத் தெரிந்த முகத்தில் போய் இறங்கியது.

"அக்கா, அந்தச் சீலைத்துண்டை எடுங்கோ, பெட்டியத் துடைப்பம்" என்றாள்.

அவளோடு இருந்த தமக்கை நல்லம்மா கலியாணம் கட்டாதவள். புட்டு அவித்து விடியற்காலையில் பக்கத்து ஒழுங்கைகளுக்குக் கொடுப்பவள். அவள் துணியோடு வந்து நின்று முணுமுணுத்தாள்.

"ஓடாததைத் துடைச்சு என்ன செய்யப்போறாய்?"

"ஓட வைக்கப்போறன். இதே பெட்டியால அந்தாளின்ர வாயாலயே சொல்ல வைப்பன்."

"என்னத்தை?"

"அது ஆரின்ர கடையெண்டு."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சொன்னவர்கள் பூரணியைப் பார்க்காதவர்கள்.

கலீலுர் றஹ்மான் அடுத்த சனிக்கிழமை வந்தார். கிண்ணியாக்காரர். பாலம் இல்லாத அந்த நாளில் துறையடியில் பாதைப் படகுக்குக் காத்து நின்று, இரண்டு செக்பொயின்ரில் சைக்கிள் கூடையைக் கொட்டிக் காட்டி, வெயிலில் கறுத்துப்போய் வந்து சேர்ந்தார். தவராசாவின் கடைக்குக் கொம்பியூட்டர் திருத்தினவர் அவர்தான். கச்சான் காற்று நிலத்துப் புழுதியை அள்ளி வீட்டுக்குள் எறிந்துகொண்டிருந்தது. பெட்டியைக் கழற்றி ஊதினார். இருமினார்.

"தங்கச்சி, மறைக்காமச் சொல்றன். இதுக்குள்ள இரிக்கிற ஞாபகம் மிச்சம் கொஞ்சம். இப்ப எல்லாரும் போடுற பெரிய சாமானை இது தாங்காது. லினக்ஸ் எண்டு ஒண்டு இரிக்கி. அதைத்தான் போடணும்."

"அது கடிதம் அடிக்குமோ, நானா?" நானா என்றால் எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்.

"அடிக்கும். ஆனா கதை அங்கதான் இரிக்கி. லினக்ஸ் எண்டிறது நிலம் மாதிரி. அதுக்கு மேல மேசை போடணும். நீங்க கண்ணால பாக்கிற, கையால தொடுற எல்லாம் அந்த மேசைதான். என்ட சீடியில மூணு மேசை இரிக்கி. எது வேணுமெண்டு நீங்கதான் சொல்லணும்."

மூன்றையும் போட்டுக் காட்டினார். நானும் வேலியால் சுற்றிப் போய்க் கதிரை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலாவது அழகி. நீல வானம், மினுங்கும் பொத்தான்கள், தொட்டால் எழும்பித் துள்ளும் படங்கள். நல்லம்மா அகப்பையோடு குசினிக்குள் இருந்து ஓடிவந்து வாயில் கை வைத்தாள். ஆனால் அந்த அழகி எழும்பி வர எடுத்த நேரத்தில் அடுப்பில் இருந்த புட்டு அவிந்து, கொட்டி, ஆறியும் போனது. இரண்டாவது சுமார்தான். புட்டு அவிகிற நேரத்துக்குள் வந்தது. மூன்றாவதற்கு ஐஸ் என்று தொடங்கும் ஒரு பேர். அதைப் போட்டதும், பூரணி தேத்தண்ணிக்குச் சீனி கலக்கி முடிக்க முதல் திரை வந்துவிட்டது. வந்தது என்ன? வெறும் சாம்பல் நிறம். அடியில் ஒரு பட்டி. படமும் இல்லை, பொட்டும் இல்லை.

"ஐயோ, இது என்ன, தாலி அறுத்தவள் மாதிரி" என்றாள் நல்லம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

பூரணி திரும்பியும் பார்க்கவில்லை. "நானா, கறண்ட் போனா நீங்க கொண்டுவந்த இந்தப் பற்றரிப் பெட்டி, யூ.பி.எஸ்., எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஆறு நிமிசம். அதுக்கு மேல கீ கீயெண்டு கத்திப்போட்டு நிண்டிரும்."

"ஒரு குழல் புட்டு அவியிற நேரம். எழும்பி வரவே அவ்வளவு நேரம் எடுக்கிறதை வைச்சு நான் என்ன செய்ய? ஒரு நாளைக்கு நாலு தரம் கறண்ட் போகுது. எனக்கு இதுதான் வேணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. ஒவ்வொரு நாளும் பாக்கிற முகம் இது."

"என்ர முகத்தையும் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்தானே நானா" என்றாள். றஹ்மான் மற்ற இரண்டு மேசைகளையும் அழித்துவிட்டார். புட்டும் கூனிச் சம்பலும் தின்று, பாதைப் படகு நிற்பதற்குள் போகவேண்டும் என்று எழுந்துவிட்டார்.

அப்படித்தான் அந்தச் சாம்பல் மேசை அந்த வீட்டுக்கு வந்தது. வாசலில் ஒரு மட்டை தொங்கியது: 'கடிதம், மனு, படிவம் அடித்துத் தரப்படும்.' முதல் மாதம் ஒரு குருவியும் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பெடியனைக் காணவில்லை என்று மனு, வள்ளம் இறக்க அனுமதி கேட்டு நேவிக்குக் கடிதம், வெருகல் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் நிவாரண விண்ணப்பம். வெயிலேறி அறை தகரம் மாதிரிக் கொதிக்கும். பூரணி கழுத்தில் ஈரத்துவாயைப் போட்டுக்கொண்டு அடிப்பாள். பிறின்ரர் ஊசி கறகற என்று அரைக்க, நல்லம்மா ஒவ்வொரு தாளையும் வெட்டி அடுக்குவாள்.

பாக்கியரத்தினம் இதைக் கேள்விப்படாமல் இருப்பாரா? மோட்டார் சைக்கிளில் ஒழுங்கையால் போகும்போது வேகத்தைக் குறைப்பார்.

"என்ன பூரணி, பெட்டிக்கு மாலை போட்டாச்சோ?"

அவள் விசைகளை இன்னும் ஓங்கிக் குத்துவாள். பல்லைக் கடிப்பது வேலிக்கு இங்கால் எனக்குத் தெரியும்.

ஆறு மாதத்தில் றஹ்மான் வேறொரு பெட்டியோடு வந்தார். கிண்ணியாப் பள்ளிக்கூடம் ஒன்றில் கழித்தது, இதைவிட மூன்று மடங்கு பெலன். "சும்மா எடுங்க தங்கச்சி. இதில அந்த நீல மேசை ஓடும்."

"வேண்டாம் நானா."

நல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கென்ன விசரோ? நாள் முழுக்கச் சாம்பலைப் பாத்துப் பாத்து நீயும் சாம்பலாப் போறாய். ஒரு பூப்படமெண்டாலும் போடு, பிள்ளை. பாக்கிறவைக்கும் ஒரு மனசு."

"பூப்படம் போட்டால் பெட்டி இழுக்கும். இழுத்தால் ஆறு நிமிசத்துக்குள்ள அலுவல் முடியாது. அதைவிட, அக்கா, அந்தாள் ஓடாதெண்டு அனுப்பினது இதைத்தான். வேற பெட்டியில வெண்டால் அது வெற்றியோ?"

அந்தப் பிடிவாதத்தில் நியாயம் எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. பாக்கியரத்தினம் தம்பியின் சவத்துக்கு முன்னால் குழறி அழுததையும் கண்டவன் நான், நாலாம் நாள் திறப்பைச் செருகியதையும் கண்டவன் நான்.

2007 ஆனியில் அறிவித்தல் வந்தது. வீட்டுக்கு வீடு குடும்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். குடும்பத்தலைவர், அவருடைய தொழில், வேலை செய்யும் இடம், வீட்டில் இருக்கும் எல்லாருடைய பேர், அடையாள அட்டை நம்பர். ஒன்று கிராம அலுவலரான விதானையாருக்கு, ஒன்று நேவிக்கு, ஒன்று வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைக்க. கையெழுத்தில் எடுக்கமாட்டார்கள், இங்கிலீசில் ரைப் பண்ணியிருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியோடு விதானையார் கட்டி அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு சோதனை வரும். படிவத்தில் பேர் இல்லாத ஆள் வீட்டில் நின்றால் ட்ரக்கில் ஏற்றுவார்கள். ஏற்றிய ஆளைப்பற்றிப் பிறகு பூரணியிடம் வந்து மனு அடிக்கவேண்டியதுதான்.

ஊர் முழுக்கப் பாக்கியரத்தினத்தின் கடைக்கு ஓடியது. அவருக்குக் கொண்டாட்டம். புதன்கிழமை அந்தக் கொண்டாட்டம் முடிந்தது. யாரோ கொண்டுவந்த பென்ரைவிலிருந்து ஏதோ நோய் தொற்றி இரண்டு கொம்பியூட்டர் விறைத்துவிட்டது. மூன்றாவது ஓடியது, ஆனால் கறண்ட் ஓடவில்லை. அந்தக் கிழமை கறண்ட் பத்து நிமிஷம் வரும், அரை மணித்தியாலம் போகும். அவருடைய கொம்பியூட்டர்ச் சீமாட்டி எழும்பி, முகம் கழுவி, பொட்டு வைத்துத் திரையில் வர முதலே கறண்ட் போய்விடும். பிறகு முதலிலிருந்து.

இங்கே கறண்ட் வந்தால் சீனி கலக்கும் நேரத்தில் சாம்பல் மேசை விரிந்துவிடும். போன பிறகும் ஆறு நிமிஷம் கையில் இருந்தது. பூரணி கார்பன் வைத்து ஒரே குத்தில் மூன்று பிரதி எடுத்தாள். ஊசிப் பிறின்ரருக்கு அது ஏலும், ரவுனில் இருக்கும் புது மெசினுக்கு ஏலாது. வியாழன் காலை வரிசை எங்கள் ஒழுங்கையைத் தாண்டி ஆலடி வரைக்கும் போனது. கிண்ணியாவிலிருந்து வந்த றஹ்மான் வாசலில் நின்று அடையாள அட்டைகளை வாங்கி ஒழுங்குபடுத்தினார். நல்லம்மா வரிசைக்குப் பால் விடாத பிளேன்ரித் தேத்தண்ணி ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. நான் என் படிவத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். அப்போதுதான் பாக்கியரத்தினம் வந்தார். மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. வரிசையைத் தாண்டி நேரே வாசற்படியில் கால் வைத்தார்.

"பூரணி, அவசரம். என்ர கடையில கறண்ட் இல்லை. ஒரு படிவம்."

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வரிசையில வாங்கோ, பெரியத்தான்."

"நான் உனக்கு ஆர்?"

"அதுதான் பெரியத்தான் எண்டனான். வரிசையில வாங்கோ."

அவர் முகம் கறுத்தது. திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒருவரும் இடம் விடவில்லை. கடைசியில் போய் நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. ரவுனில் ஆட்டைப்போலத் திரியும் மான்களில் ஒன்று ஒழுங்கையால் வந்து யாரோ போட்ட கடதாசியைத் தின்றுவிட்டுப் போனது. அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் முறை வந்தபோது பதினொன்று நாற்பது. கதிரையில் இருந்தார். பூரணி படிவத்தைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கறண்ட் போனது. காற்றாடி நின்றது. யூ.பி.எஸ். 'கீ' என்று முதல் குரல் கொடுத்தது.

"ஆறு நிமிசம் இருக்கு. பேரெல்லாம் சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னார். தன் பேர், மனைவி பேர், மகள் பேர். கடைசியாகக் குரலைத் தணித்து, "சோமசேகரம். மருமகன். வெருகலால வந்தவன். போன கிழமைதான் வந்து சேர்ந்தவன். அவனுக்குத்தான் பிள்ளை இந்த அவசரம். பேர் இல்லாட்டிக் கொண்டுபோயிருவாங்கள்" என்றார்.

பூரணியின் கை நின்றது.

அந்த ஒரு வரி. அதை அடிக்காமல் விட்டால் போதும். அவசரத்தில் விடுபட்டது என்றால் யார் கேட்பது? அவளும் அதைத்தான் நினைத்தாள் என்பது எனக்கு நிச்சயம். அவள் கண்ணில் அது இருந்தது. அந்த வீட்டிலும் ஒரு பெண் வெள்ளைச் சேலையோடு இருக்கட்டுமே என்ற கொடூரம் ஒரு கணம் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. நல்லம்மா ஓடிவந்து அவள் தோளைத் தொட்டாள்.

"பூரணி, அந்தப் பெடியன் ஒண்டும் செய்யேல்லை."

"தெரியும் அக்கா. நீ போய்ப் பிளேன்ரியைப் பார்."

சோமசேகரம் என்று அடித்தாள். அடையாள அட்டை நம்பரை ஒவ்வொரு இலக்கமாக வாசித்து அவரிடம் சரி கேட்டாள். யூ.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது.

"இனித் தொழில்."

"வியாபாரம் எண்டு போடு."

"என்ன வியாபாரம்? வேலை செய்யிற இடம் கேட்டிருக்கு."

"ரைப்பிங் கடை. என்ர கடை."

பூரணி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெரியத்தான், இது நேவிக்குப் போற பேப்பர். பொய் எண்டால் அடிச்ச என்னையும்தான் பிடிப்பினம். கட்டட ஒப்பந்தம் உங்கட பேரில. கடைப் பதிவு இண்டைக்கும் என்ர மனிசன்ர பேரில. மாத்த என்ர கையெழுத்து வேணும், நான் போடேல்லை. பதிவுப் பத்திரம் அலுமாரிக்குள்ள கிடக்கு, எடுத்துக் காட்டட்டோ?"

"இப்ப அதுக்கு நேரமில்லைப் பிள்ளை."

"ஓம், நேரமில்லை. மூண்டு நிமிசம். அது ஆரின்ர கடை?"

றஹ்மான் அடையாள அட்டைகளைக் கையில் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீ, கீ, கீ. பாக்கியரத்தினம் துவாயால் முகத்தைத் துடைத்தார். அந்தச் சாம்பல் திரையைப் பார்த்தார். ஓடாது என்று அவரே அனுப்பிவிட்ட பெட்டி அவர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பியின்ர" என்றார்.

"எனக்குக் கேக்கேல்லை."

"தவராசாவின்ர கடை! என்ர தம்பி தவராசாவின்ர கடை! அடி பிள்ளை, கெதியா அடி!"

அடித்தாள். 'காலஞ்சென்ற தம்பி தவராசாவின் கடையைப் பார்த்துக்கொள்பவர்' என்று இங்கிலீசில் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்து, உரக்க வாசித்துக் காட்டினாள். பிறின்ரர் கறகற என்று தொடங்கியது. அந்த முறை மட்டும் நாலு தாள் வைத்திருந்தாள் என்பதை நான் கண்டேன். கடைசி வரி விழுந்து அரை நிமிஷத்தில் யூ.பி.எஸ். அடங்கியது. அவர் நாலிலும் கையெழுத்துப் போட்டார். நாலாவதை அவள் மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அவர் மூன்றையும் பிடித்துக்கொண்டு விதானையார் வீட்டுக்கு ஓடினார். செருப்பு ஒன்று ஒழுங்கையில் கழன்று கிடந்தது. எடுக்கத் திரும்பவில்லை.

பதினைந்து நாள் கழித்துச் சுற்றிவளைப்பு வந்தது. விடிய ஆறு மணிக்கு எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் படிவத்தோடு வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு நாலு ஆள் முன்னால் பாக்கியரத்தினம், அவருக்குப் பக்கத்தில் மருமகன். அதிகாரி படிவத்தை வாங்கி விரல் வைத்து வாசித்தான். மருமகனைப் பார்த்தான், பேரைப் பார்த்தான், சரி என்று தள்ளிவிட்டான். அந்தப் பெடியன் அன்று வீட்டுக்குப் போனான். அதை நான் சொல்லியே ஆகவேண்டும். பிறகு விரல் தொழில் என்ற இடத்தில் நின்றது. அதிகாரி தலையை நிமிர்த்தி, யாருடைய கடை என்று சிங்களத்தில் கேட்டான்.

"மல்லிகே கடே, மாத்தயா" என்றார் பாக்கியரத்தினம். தம்பியின் கடை, ஐயா.

"சத்தமாக!"

"மல்லிகே கடே!"

மைதானம் முழுக்கக் கேட்டது. நான் கைகட்டி நின்றுகொண்டே வயிறு குளிரச் சிரித்தேன். பாவம் என்று ஒரு துளியும் தோன்றவில்லை. தோன்றியது என்று சொன்னால் பொய்.

வந்து வேலியால் பூரணியிடம் சொன்னேன். அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். தும்புத்தடியை நிறுத்தி, "எத்தினை தரம் சொன்னவர்?" என்று கேட்டாள்.

"ரெண்டு தரம்."

"காணாது, இன்னும் வேணும்" என்று மறுபடியும் கூட்டத் தொடங்கினாள்.

கதவுக்குப் பின்னால் ஒட்டிய படிவத்தில் ஒரு சொல் மாறினாலும் சந்தேகம்தான். ஏன் மாறியது என்று பொலிசில் போய்ச் சொல்லவேண்டும். அந்த வரியைத் தொடப் பாக்கியரத்தினத்துக்குத் துணிவு வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை படிவத்தைப் புதுப்பிக்கவேண்டும், போன முறை எப்படி இருந்ததோ அப்படியே அடித்துவரவேண்டும் என்று விதானையார் சொல்லிவிட்டார். அது இருந்ததோ பூரணியின் பெட்டிக்குள். ஆக, அந்த மனிதர் தையில் வந்தார். ஆடியில் வந்தார். அடுத்த தையிலும் வந்தார். மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் விட்டு, நடந்து வந்து, வரிசையின் கடைசியில் நிற்பார். இப்போதெல்லாம் யாரும் சொல்லத் தேவையில்லை.

றஹ்மான் இரண்டாம் தரமும் ஒரு புதுப் பெட்டி கொண்டுவந்தார். நல்லம்மாவும் நீல வானத்துக்காக இன்னொருமுறை அழுதாள். பூரணி மாற்றவில்லை.

அவர் முறை வரும்போது அவள் சாம்பல் மேசையில் அவருடைய படிவத்தைத் தட்டுவாள். கண் இமைப்பதற்குள் அது விரிந்து நிற்கும். பேர், விலாசம், மனைவி, மகள், மருமகன், எல்லாம் போன முறை அடித்தபடியே இருக்கும். ஒன்றும் கேட்கத் தேவையில்லை. பிறின்ரரில் தாளைச் செருகிப் பொத்தானை அமத்தினால் முடிந்தது.

பூரணி தாளைச் செருகமாட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படியாகக் கேட்பாள்.

"தொழில்?"